பொன்னிற நண்பனுக்கு உடம்பு சரியில்லை

ஸ்காட்லாந்தின் குளிருக்கென்று உருவான கோல்டன் ரிட்ரீவர் இன்று இந்திய அடுக்குமாடி வீடுகளின் செல்லம். வாலாட்டலுக்குப் பின்னே உண்ணிக் காய்ச்சல், இடுப்பு வலி, புற்றுநோய் என்று ஒரு நீண்ட மருத்துவ வரலாறும் வருகிறது.

தில்லியோ மும்பையோ பெங்களூரோ, கால்நடை மருத்துவமனையின் மாலை வரிசையில் அது நிச்சயம் இருக்கும். தேன் நிற ரோமம், தொங்கும் காது, ஊசி போட வரும் டாக்டரைப் பார்த்தும் வாலாட்டும் சுபாவம். 1994இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் டஃபி கிரிக்கெட் அம்பயராக வந்த காலத்தில் நடுத்தர வர்க்கத்து நாய் என்றால் வெள்ளை ஸ்பிட்ஸ்தான். எல்லோரும் அதைப் பொமரேனியன் என்றே சொல்லிக்கொண்டார்கள். 2003இல் ஹட்ச் விளம்பரம் வந்தது, பக் நாய்க்கு மவுசு கூடியது. அந்தச் சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு விடுவதே பிரச்சினை என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. கோல்டன் விஷயத்திலும் வரிசை அதேதான். முதலில் ஆசை, பிறகு பில், அதற்கப்புறம் விவரம்.

இந்த நாயின் சொந்த ஊர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி. பிற்பாடு ட்வீட்மவுத் பிரபு என்று பட்டம் பெற்ற ஒரு செல்வந்தர், 1868இல் தன் எஸ்டேட்டில் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் ட்வீட் நீர் ஸ்பானியல் ஒன்றையும் இணை சேர்த்தார். சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த நீரில் நீந்திப்போய், பல் படாமல் கவ்வி வருவதுதான் அவற்றின் சந்ததிக்கு வேலை. உடம்பும் அதற்கேற்றபடி அமைந்தது. தண்ணீரை உள்ளே விடாத மேல் ரோமம், கதகதப்புக்கு அடர்த்தியான உள் ரோமம். இந்த இரட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அது தில்லியின் 45 டிகிரி மே மாதத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.

மனிதனைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர நாய்க்கு வழியில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் அதிகமானால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். ஆகவே மும்பையின் 34 டிகிரி சாதுவானது என்று நினைப்பதற்கில்லை. பிரிட்டனில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, லாப்ரடாரைவிட வெப்பத்தால் அதிகம் பாதிக்கப்படும் ஒன்பது இனங்களை அடையாளம் காட்டியது. புல்டாக், பக் போன்ற சப்பை மூக்குகளோடு கோல்டனும் அதில் இருந்தது. பிரிட்டிஷ் வெயிலிலேயே இந்தக் கதி.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 105ஐத் தாண்டினால் ஆபத்து. ஓயாத இரைப்பு, கொழகொழவென்று எச்சில், தள்ளாட்டம், வாந்தி இவையெல்லாம் அதன் அறிகுறிகள். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்றைப் பிடித்தபடியே டாக்டரிடம் ஓட வேண்டும். சிலர் கோடை வந்ததும் ரோமத்தை மொட்டையடித்துவிடுகிறார்கள். பரிதாபப்பட்டுச் செய்யும் பாதகம் இது. மேல் ரோமம் வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். உதிரும் உள் ரோமத்தைச் சீவி எடுப்பதே போதும். நடை பழக்குவதென்றால் சூரியன் எழுமுன், இல்லாவிட்டால் தார்ச்சாலை ஆறிய பிறகு.

வெயிலையாவது கண்ணால் பார்க்கலாம். இந்தியாவில் கோல்டனின் உண்மையான எதிரி கடுகளவு இருக்கும். பழுப்பு நிற நாய் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும் வெப்ப நாடு இது. ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலிலோ கட்டில் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதாவது நாயின் மேல் தெரிவது படையின் ஒரு பகுதிதான். மிச்சம் வீட்டில் இருக்கிறது. குட்டை ரோம நாயில் பார்த்தவுடன் பிடித்துவிடக்கூடிய உண்ணி, கோல்டனின் காடு போன்ற ரோமத்தில் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் நிம்மதியாகக் குடியிருக்கும்.

உண்ணி கொண்டுவரும் நோய்கள் இரண்டு முக்கியமானவை. எர்லிகியா என்ற பாக்டீரியா வெள்ளணுக்களில் புகுந்துகொள்கிறது. காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, ரத்தத் தட்டணுக்கள் சரிவு. இதோடு நின்றால் பரவாயில்லை. சில நாய்களில் நோய் அடங்கியதுபோல் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, பிறகு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடுகிறது. மூக்கில் ரத்தம் வடிந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இதற்கு மருந்து டாக்சிசைக்ளின், விலை அதிகமில்லாத மாத்திரை. சுமார் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாளே நாய் தட்டைக் காலி செய்துவிட்டு வாலாட்ட, ‘சரியாகிவிட்டது’ என்று பல வீடுகளில் மாத்திரை நிற்கிறது. இன்னொன்று பேபீசியா. இது சிவப்பணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி. ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். இதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது, மருந்தே வேறு. அதனால்தான் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதைவிட ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது லாபம். உண்ணியைக் கொல்லும் மாத்திரைகள் இப்போது மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வந்துவிட்டன. வலிப்பு வரும் நாய் என்றால் மட்டும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

காதும் தோலும் உயிருக்கு உலைவைக்காத, ஆனால் ஓயாத உபத்திரவங்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ரோமத்தின் அடியில் ஈரம் நின்றால் ஒரே இரவில் உள்ளங்கை அளவு புண் கிளம்பும். வாராவாரம் குளிப்பாட்டுவதில் காட்டும் அக்கறையைத் துவட்டுவதில் காட்டினால் பாதிப் புண் வராது.

இடுப்பு மூட்டு விவகாரம் குட்டிப் பருவத்திலேயே தொடங்குகிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் ஆடுகிறது. நாளடைவில் மூட்டு தேய்கிறது. படுத்த நாய் எழச் சிரமப்படும். ஓடும்போது முயல்போல் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைக்கும். பரம்பரையாக வருவது என்றாலும் அதை முற்றவைப்பது பெரும்பாலும் வீடுதான். வழுக்கும் கிரானைட் தரை, குட்டியிலேயே மாடிப்படி, எல்லாவற்றுக்கும் மேலாக எடை. கோல்டன் பசிக்காகச் சாப்பிடும் நாய் அல்ல, பார்த்ததைச் சாப்பிடும் நாய். தாத்தா ஒரு சப்பாத்தி, பேத்தி ஒரு பிஸ்கட், வேலைக்காரம்மா கொஞ்சம் தயிர் சாதம் என்று நாள் முழுக்கப் படையல். இதன் விலை என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், கால்பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. பாயசத்தில் இருக்கும் திராட்சையும் குழம்பில் இருக்கும் வெங்காயமும் நாய்க்கு நேரடியாகவே விஷம். (சாப்பாட்டைக் குறைத்தும் பெருத்துக்கொண்டே போய், சோம்பி, ரோமம் கொட்டினால் தைராய்டைப் பார்க்க வேண்டும். தினசரி மாத்திரையில் அடங்கும் நோய் அது.)

இந்த இனத்தின் பெரிய துயரம் புற்றுநோய். அமெரிக்க கோல்டன் ரிட்ரீவர் கிளப் 1990களின் இறுதியில் எடுத்த கணக்கெடுப்பில் இறந்த நாய்களில் சுமார் 60 சதவீதம் புற்றுநோய்க்குப் பலியாகியிருந்தன. ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க மாரிஸ் அனிமல் பவுண்டேஷன் 2012இல் ஒரு முயற்சியைத் தொடங்கி, 3,000க்கும் அதிகமான கோல்டன்களைப் பதிவு செய்து வாழ்நாள் முழுதும் பின்தொடர ஏற்பாடு செய்தது. 2023இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சில வடிவங்களைக் கொண்ட கோல்டன்கள் சராசரியாக 13.5 ஆண்டுகளும் மற்றவை 11.6 ஆண்டுகளும் வாழ்வதாகச் சொன்னார்கள். நாயின் ஆயுளில் இரண்டு ஆண்டு என்பது சின்ன விஷயமல்ல.

இவற்றில் கொடியது ரத்தக்குழாயில் தோன்றும் புற்று. மண்ணீரலில் சத்தமில்லாமல் வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். காலையில் பந்து பொறுக்கிய நாய் மாலையில் ஈறு வெளுத்துச் சாய்ந்துவிடும். நிணநீர்ப் புற்று அவ்வளவு திடீரென்று வருவதில்லை. தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டிக் காட்டிக்கொடுக்கும். கீமோதெரபி பெரும்பாலும் நோயைக் குணப்படுத்துவதில்லை, மாதங்களை வாங்கித் தருகிறது.

கருத்தடை விஷயத்திலும் அவசரம் கூடாது. அதே டேவிஸ் பல்கலைக்கழகம் 759 கோல்டன்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு: ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு இரு மடங்கு. அதற்காகச் செய்யாமலே விட்டால் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

பெரும்பாலான தொல்லைகளுக்கு வித்து, குட்டி வாங்கும் இடத்தில் விழுகிறது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது; இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நடைமுறையில் 35 நாள் குட்டிகள் அட்டைப் பெட்டியில் கைமாறுகின்றன. தாய்ப்பால் நின்று, தடுப்பூசியும் பலனளிக்காத அந்த இடைவெளியில்தான் பார்வோ வைரஸ் புகுந்து ரத்தபேதியில் குட்டியைக் கொண்டுபோகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது பரம்பரையைச் சொல்லும், மூட்டைச் சொல்லாது. அமெரிக்காவில் இரண்டு வயது முடிந்த பிறகு எக்ஸ்ரே எடுத்து இடுப்புக்குச் சான்று தரும் அமைப்பு 1966இலிருந்தே இருக்கிறது. இங்கே வாங்குபவர் கேட்க வேண்டியது தாய், தந்தை இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயை. விற்பவர் முறைத்தால் வேறு கதவைத் தட்டலாம். தாயை நேரில் காட்ட மறுக்கும் இடத்தில் பேரம் பேசவே தேவையில்லை.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கோல்டனுக்கு ஒரு வழக்கம் செலவில்லாமல் பழக்கலாம். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை சீப்பு எடுக்கும்போது, தாடைக்கு அடியிலிருந்து தொடை இடுக்கு வரை விரலால் தடவிப் பார்ப்பது. உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைக் கவனிப்பது. காதை முகர்ந்து பார்ப்பது. ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, எட்டு வயதுக்கு மேல் வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். நாய் இதற்கெல்லாம் ஆட்சேபம் சொல்லாது. தன்னை யாரோ தடவிக்கொடுக்கிறார்கள் என்றே அது நினைத்துக்கொள்ளும்.