லேப்டாப் ஆன் ஆகிறது, விண்டோஸ் வரவில்லை: ‘பார்மட்’ அடிப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

மாதம் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். குருபரப்பள்ளி சிப்காட்டைச் சுற்றி, பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பில், டேலி கணக்கு, வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடங்கள் எல்லாமே ஒரே ஒரு லேப்டாப்பில். காலையில் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது. திரையில் மட்டும் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று ஒரே வரி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணா, ஆன் ஆவுது, ஆனா விண்டோஸ் வரமாட்டேங்குது.”

“ஓஎஸ் அடிச்சுக்கிட்டிருக்கும்பா. பார்மட் போட்டுடலாமா?”

“உள்ள இருக்கிறதெல்லாம்?”

“சி டிரைவ் மட்டும்தான் போகும்.”

அந்தக் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தவை, டவுன்லோடு, டாக்குமென்ட்ஸ் எல்லாம் இருப்பது சி டிரைவில். டேலிபிரைம் மென்பொருளும், நாம் மாற்றி வைக்காதவரை, கணக்குகளை சி டிரைவில் உள்ள பப்ளிக் ஃபோல்டருக்குள்தான் சேமிக்கிறது. ‘சி மட்டும்’ என்றால் பலருக்கு அது எல்லாமும்தான்.

ஆனால், கணினி பூட் ஆகவில்லை என்பதற்காக உள்ளே இருப்பது அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. பல நேரங்களில் பழுதாகியிருப்பது, விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் மிகச் சிறிய ஒரு பகுதி மட்டுமே. அதை மட்டும் சரிசெய்யும் மென்பொருள் கருவிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம்.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டு சிப்பில் எழுதப்பட்டிருக்கும் ஒரு குட்டி மென்பொருள். பழைய கணினிகளில் இதற்கு பயாஸ் என்று பெயர். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியோடு பிரபலமானது. இப்போது வருபவற்றில் இருப்பது யூஇஎஃப்ஐ. இது நினைவகம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து யாரை எழுப்புவது என்று தேடுகிறது. அந்த ‘அடுத்த ஆள்’தான் பூட்லோடர். அது விண்டோஸையோ லினக்ஸையோ நினைவகத்துக்குள் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பழைய முறையில் இந்த வேலைக்கு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள்தான் ஒதுக்கப்பட்டிருந்தன. அதில் 446 பைட்டுகள் பூட் குறியீடு. 64 பைட்டுகளில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. மிச்சம் இரண்டு பைட்டுகள் முத்திரை. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்த 512 பைட்டுகள் கெட்டுப்போனால் 500 ஜிபி டிஸ்க்கும் காலியானதுபோல் நடிக்கும். யூஇஎஃப்ஐ முறையில் இதற்கெனத் தனிப் பகுதி ஒன்று உண்டு. விண்டோஸ் இதைப் பெரும்பாலும் 100 எம்பி அளவில் உருவாக்கி, பயனர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும். திடீர் மின்வெட்டு, அப்டேட் நடக்கும்போது பட்டனை அழுத்தி அணைப்பது, ‘இது எதுக்கு வீணா’ என்று அந்தப் பகுதியை அழிப்பது, இதெல்லாம் அடிக்கடி நடக்கும் காரணங்கள்.

விலையில்லா லேப்டாப் சொல்லித்தந்த பாடம்

தமிழ்நாட்டில் பூட்லோடரை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுவந்தது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இத்திட்டத்தில், அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கொள்முதல் செய்தது எல்காட். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் பதியப்பட்டு லேப்டாப்கள் வந்தன. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸில், மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்படி இரண்டு இயங்குதளங்கள் இருக்கும் கணினியில், ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று கேட்டு நிற்பது லினக்ஸின் பூட்லோடரான க்ரப். இங்கே இரண்டு விதமாகச் சிக்கல் வரும்.

முதலாவது, கடையில் கொடுத்து விண்டோஸை மறுபடி பதிவது. பழைய முறையில் விண்டோஸ் தன் பூட் குறியீட்டை அந்த 446 பைட்டுகளின் மேல் எழுதிவிடும். க்ரப் மெனு காணாமல் போகும். “பாஸ் அழிஞ்சுபோச்சு” என்று மாணவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் கடைக்காரர் அந்தப் பகுதியை அழித்திருந்தாலொழிய பாஸ் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். வாசல் மட்டும் மூடியிருக்கும். லினக்ஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து க்ரப்பை மறுபடி நிறுவினால் மெனு திரும்ப வந்துவிடும். கட்டளை தட்டத் தெரியாதவர்களுக்காகவே உபுண்டு வட்டாரத்தில் ‘பூட்-ரிப்பேர்’ என்ற கருவி இருக்கிறது. ஒரே பட்டனில் பெரும்பாலான வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். யூஇஎஃப்ஐ கணினிகளில் இதுகூடத் தேவைப்படாது. விண்டோஸ் தன் பெயரைப் பட்டியலில் முதலாவதாக வைத்துக்கொள்வதோடு சரி, க்ரப்பை அழிப்பதில்லை. அமைப்புத் திரையில் பூட் வரிசையை மாற்றினாலே போதும்.

இரண்டாவது சிக்கல் இதற்கு நேர் எதிர். ‘லினக்ஸ் யூஸ் பண்றதே இல்ல, இடமாவது மிச்சமாகட்டும்’ என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பகுதியை நீக்கிவிடுவது. அன்று எல்லாம் நன்றாக ஓடும். மறுநாள் காலை ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற சொல்லோடு கருப்புத் திரை நிற்கும். க்ரப்பின் தலை முதல் பைட்டுகளில், உடல் அழிக்கப்பட்ட லினக்ஸ் பகுதியில். விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. விண்டோஸ் பென் டிரைவைப் போட்டு அதன் பூட் குறியீட்டை மறுபடி எழுதினால் முடிந்தது வேலை. இதற்குப்போய் முழு டிஸ்க்கையும் பார்மட் அடித்து, பன்னிரண்டாம் வகுப்பு ப்ராஜெக்டையும் குடும்பப் படங்களையும் பறிகொடுப்பது, வாசல் சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிப்பதுபோலத்தான்.

முதல் வேலை: நகல்

எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு போன்ற ஏதாவது ஒரு லினக்ஸை ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டலாம். ரூஃபஸ், வென்டாய் போன்ற இலவச மென்பொருள்கள் அப்படிப்பட்ட பென் டிரைவைத் தயாரித்துக் கொடுக்கும். உள்ளே போனால் சி டிரைவ் சாதாரண ஃபோல்டர்போலத் திறக்கும். வேண்டியதை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் எதையும் முயற்சிக்காதீர்கள். அது பூட் சிக்கல் அல்ல, டிஸ்க்கே சாகும் அறிகுறி. உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

நகல் எடுத்தபின் விண்டோஸ் கொடுக்கும் வசதியையே முதலில் பார்க்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், தொடங்குவது தொடர்ந்து தோற்றால், கணினி தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே உள்ள ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ சில நேரம் வேலை செய்யும், பல நேரம் கைவிரிக்கும். கைவிரித்தால், அதே திரையின் கமாண்ட் பிராம்ப்டில் ‘பிசிடிபூட்’ கட்டளை இருக்கிறது. விண்டோஸ் இருக்கும் இடத்தைச் சொன்னால், பூட் கோப்புகளைப் புதிதாக எழுதிவிடும். ஒரு கண்ணி: மீட்புத் திரையில் சி டிரைவ், டி என்ற எழுத்தோடு தெரியலாம். எது விண்டோஸ் இருக்கும் பகுதி என்று பார்த்துவிட்டே கட்டளை கொடுக்க வேண்டும்.

டிஸ்க்கின் பிரிவு அட்டவணையே அழிந்திருந்தால் ‘டெஸ்ட்டிஸ்க்’ உதவும். தொலைந்த பகுதிகளைத் தேடிப் பிடித்து மறுபடி எழுதக்கூடிய, பலரும் நம்பிப் பயன்படுத்தும் கருவி அது.

சர்வீஸ் கடைகளைக் குறை சொல்லியும் பயனில்லை. பார்மட்டுக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும். ரிப்பேர் பத்து நிமிடத்திலும் முடியலாம், ஒரு நாளையும் தின்னலாம். “ரிப்பேர் முயற்சி பண்ணுங்க, அதுக்கும் காசு தரேன்” என்று வாடிக்கையாளர் சொல்வதில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோடு ஆனாலும், சென்னை ரிச்சி தெரு ஆனாலும், இதைச் சொல்பவருக்குக் கிடைக்கும் கவனிப்பு வேறு.

உண்மையிலேயே பூட்டிக்கொண்டால்?

மேலே சொன்ன நகல் வித்தை வேலை செய்யாத இடம் ஒன்று இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுவது இப்போது வழக்கம். பிட்லாக்கர் என்ற இந்தப் பூட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. பயாஸ் அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியவரும். அந்த எண் இல்லையென்றால் எந்தக் கருவியாலும் உள்ளே போக முடியாது. கடையில் திறந்துதருவதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். கணினி நன்றாக ஓடும் இன்றே அந்தக் கணக்கில் நுழைந்து, எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப் வாங்கித்தந்த கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால், எண் அவர் கணக்கில் இருக்கலாம். இதையும் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டிக்கொண்டன. 2024 ஜூலை 19 காலை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஓசூருக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரு உட்பட விமான நிலையங்களில் செக்-இன் கையால் நடந்தது. தவறான கோப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால், பூட் ஆகாத கணினிக்கு இணையம் வழியே எதையும் அனுப்ப முடியாதே! பெரும்பாலானவற்றை ஒருவர் நேரில் போய் சேஃப் மோடில் திறந்து, ஒரே ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் இருந்த இடங்களில் அதற்கு முன் 48 இலக்கங்கள். பூட் ஆகாத கணினியும் தானே இணையத்தில் இணைந்து தீர்வைத் தேடும் வசதியை மைக்ரோசாஃப்ட் பிறகுதான் விண்டோஸ் 11-இல் சேர்த்தது.

பட்டறையின் பழைய கணினி

குருபரப்பள்ளி முதல் ஓசூர் வரை உள்ள பட்டறைகளுக்கு இன்னொரு கவலை, இயந்திரத்தோடு ஒட்டியே வந்த பழைய கணினி. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பியாகவோ 7 ஆகவோ இருக்கும். மென்பொருளை மறுபடி பதிய சிடி இருக்காது, சில நேரம் விற்ற நிறுவனமே இருக்காது. இங்கே பார்மட் என்றால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் சும்மா நிற்கும்.

இப்படிப்பட்ட கணினி ஒருநாள் திடீரென்று பூட் ஆகாமல் நின்றால், டிஸ்க்கைச் சந்தேகப்படுவதற்கு முன் மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரியைப் பாருங்கள். மூன்று வோல்ட், சிஆர்2032. கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் அதன் தயவில் இருக்கின்றன. நீண்ட விடுமுறைக்குப் பிறகு ஆன் செய்யும்போது அது செத்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். பூட் வரிசை மாறியிருக்கும். டிஸ்க்கோடு பேசும் முறைகூட மாறி விண்டோஸ் நீலத் திரையில் விழும். பேட்டரியை மாற்றி அமைப்புகளைப் பழையபடி வைத்தால் எழுந்துவிடும். பழைய அமைப்பு என்னவென்று தெரிய வேண்டுமே? ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸ் திரைகளை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

அதோடு, டிஸ்க்கை முழுசாகப் படியெடுத்து வைப்பதும் அவசியம். இதற்கு ‘குளோன்சில்லா’ என்ற இலவச மென்பொருள் உண்டு. குருபரப்பள்ளி சிப்காட்டில் ஆலை வைத்திருக்கும் டெல்டா எலெக்ட்ரானிக்ஸைப் போலவே இதுவும் தைவானில் பிறந்தது. அங்குள்ள தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவானது. பூட் பகுதி உட்பட டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைக்கும். டிஸ்க் செத்தால் அதே அளவோ பெரிதோ ஆன இன்னொன்றில் அந்தக் கோப்பை இறக்கி, மாட்டி ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நிற்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இதற்குப் போதும்.