சூப்பர்சார்ஜர் மாட்டினா எத்தனை குதிரை, எத்தனை ரூபாய்?

கார் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம் வானகரத்துல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கையில் வாங்கும் சம்பளம் 60,000. செகண்ட் ஹேண்டில் எடுத்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். லோன் இன்னும் 3 வருஷம் பாக்கி. ராத்திரி எல்லாம் மஸ்டாங்கில் சூப்பர்சார்ஜர் மாட்டி டைனோவில் ஏற்றுகிற வீடியோவா பார்த்துட்டு, "அண்ணா, ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் போட்டு என் வண்டியை ஸ்டேஜ் 2 பண்ணலாமா?"ன்னு கேட்கிறார்.

நானும் அந்த வீடியோக்களைப் பார்க்கிற ஆள்தான். அதனால திட்டப் போறதில்லை, கணக்குப் போடுவோம்.

முதல்ல அந்த மஸ்டாங். 5 லிட்டர் வி8 இன்ஜினோட 2016 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது, அப்போ எக்ஸ் ஷோரூம் விலையே 65 லட்சம். அமெரிக்காவில் அதே இன்ஜின் 435 குதிரைத்திறன், நமக்கு வந்தது 401 பிஎஸ்தான். அமெரிக்காவில் ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸும் ரவுஷும் சேர்ந்து 2015-17 மாடலுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் கிட் கொடுத்தாங்க. அதை மாட்டினா 670 குதிரை. கூடுதலா 235.

இது எப்படி நடக்குது? இன்ஜினுக்குள்ள எவ்வளவு காற்று போகுதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரிக்க முடியும். சாதாரண இன்ஜின் வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே, அதாவது சுமார் 14.7 பிஎஸ்ஐயில், மூச்சு விடுது. சூப்பர்சார்ஜர் என்பது பெல்ட் போட்டு இன்ஜினே சுத்துற ஒரு காற்று பம்ப். அது மேற்கொண்டு 8 பிஎஸ்ஐ தள்ளினா மொத்தம் 22.7. காற்று 1.54 மடங்கு ஆகுது. 435-ஐ 1.54-ஆல் பெருக்கிப் பாருங்க, 670. ஆனா இது காகிதக் கணக்கு. பம்பைச் சுத்தவே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவு பண்ணணும். அழுத்தின காற்று சூடாகி லேசாகும், அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் வேணும். அதனால நிஜத்தில் 8-க்கு மேல தள்ளினாத்தான் அந்த 670 வரும்.

டர்போவும் இதே வேலைதான் செய்யுது, ஆனா பெல்ட்டுக்குப் பதிலா புகை வெளியேறும் வேகத்தில் சுத்துது. நம்ம ஊர் ரோட்டில் சூப்பர்சார்ஜர் பார்க்கணும்னா பழைய மெர்சிடிஸ் சி200 பின்னாடி பாருங்க, 'கொம்ப்ரெஸர்'னு எழுதியிருக்கும். அது சூப்பர்சார்ஜருக்கு ஜெர்மன் பேரு. (ரொம்ப நாள் நான் அது ஏசி கம்ப்ரெசர்னு நினைச்சிருந்தேன், சிரிக்காதீங்க.)

காற்றை அழுத்தினா இன்னொரு சிக்கல்: பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே தானா வெடிக்கும். அதுதான் 'நாக்கிங்'. தொடர்ந்து நடந்தா பிஸ்டன் போயிடும். அதைத் தவிர்க்க அதிக ஆக்டேன் வேணும். நம்ம பங்க்கில் சாதா பெட்ரோல் ரொம்ப நாளா 91 ஆக்டேனா இருந்தது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் எக்ஸ்பி100 கொண்டு வந்தப்போ டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். ட்யூனிங் செலவு ஒரு தடவையோட முடியாது, ஒவ்வொரு டேங்க் நிரப்பும்போதும் தொடரும்.

சரி, தம்பியின் போலோ. 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க். ஏற்கனவே டர்போ இருக்கிறதால சூப்பர்சார்ஜர் தேவையே இல்லை. ஈசியூ சாஃப்ட்வேரை மாத்தி டர்போவைக் கூடுதலா ஊதவைக்கிறதுதான் ஸ்டேஜ் 1. கடைக்குக் கடை விலை மாறும், 35,000-ன்னு வெச்சுப்போம். 20-25 குதிரை ஏறுச்சுன்னா ஒரு குதிரை 1,400-ல இருந்து 1,750 ரூபாய். மலிவா தெரியுதுல்ல? இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க.

அந்த 7 கியர் டிஎஸ்ஜி பேரு டிக்யூ200. உலர் கிளட்ச். அதைத் தயாரிச்சவங்க வெச்ச எல்லை 250 நியூட்டன் மீட்டர். 175-ல ஓடுறப்போ நல்ல இடைவெளி இருக்கு. ஸ்டேஜ் 1-லயே அந்த இடைவெளியில் பெரும்பகுதி போயிடும், ஸ்டேஜ் 2-ல எல்லையை உரசும். விர்டுஸ், டைகுன் 1.5 டிஎஸ்ஐ டிஎஸ்ஜி வெச்சிருக்கிறவங்க இன்னும் கவனமா கேளுங்க: உங்க வண்டி கம்பெனியில் இருந்து வரும்போதே 250. அங்க இடைவெளியே கிடையாது. கிளட்ச், மெக்கட்ரானிக்ஸ் ரெண்டும் போனா பில் லட்சத்தைத் தாண்டலாம். அதையும் சேர்த்துத்தான் 'ஒரு குதிரை என்ன விலை'ன்னு பார்க்கணும்.

வாரண்டி இருக்கிற வண்டின்னா இன்னொரு விஷயம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் மாத்தின சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கப்பட்டா வண்டியின் பதிவில் 'டிடி1'னு குறி விழும். "சர்வீஸுக்கு விடும்போது பழைய ஃபைலை ஏத்திக்கலாம்"னு சொல்றதை நம்பாதீங்க, எத்தனை தடவை ஃபைல் ஏத்தினாங்கங்கிற கணக்கு ஈசியூவுக்குள்ளயே இருக்கு.

அடுத்து டைனோ சீட்டு. கம்பெனி சொல்றது இன்ஜின் வாயில் அளந்த சக்தி. டைனோ அளக்கிறது சக்கரத்தில். நடுவில் 15 சதவீதம் மாதிரி இழப்பு. அதனால ட்யூனிங்குக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, அதே மெஷின்ல, அதே நாள்ல எடுத்த ரெண்டு சீட்டு கேளுங்க. பின்னாடி சீட்டு மட்டும் காட்டினா அது விளம்பரம்.

சட்டம் சொல்றேன், சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். 5,000 பெரிய காசு இல்லைன்னு தோணும். எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். சொல்லாம மாத்தின வண்டி மோதினா, உங்க வண்டிக்கான ஓன் டேமேஜ் கிளைமை மறுக்க கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறீங்க. வண்டி போயிடும், லோன் மட்டும் நிக்கும்.

இப்போ அந்த ஒன்றரை லட்சம். 14 சதவீத வட்டி, 36 மாசம்: இஎம்ஐ சுமார் 5,127. மொத்தம் கட்டுறது 1,84,500-ஐத் தாண்டும். 34,500 ரூபாய் வட்டி மட்டும், கிட்டத்தட்ட இன்னொரு ஸ்டேஜ் 1 காசு. ரீசேலில் இதுல ஒரு ரூபாய் திரும்பாது. ட்யூன் பண்ணின வண்டின்னு தெரிஞ்சா வாங்குறவர் விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். காலையில் எட்டரைக்கு வானகரம் சந்திப்பில் நீங்க ரெண்டாவது கியரைத் தாண்டுறதே இல்லை. வேகம்தான் ஆசைன்னா அதே ரோட்டில் பூந்தமல்லி தாண்டி நேரா போங்க, இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கு. 1990-ல இருந்து ஓடுது. டிராக் டே வரும்போது இருக்கிற 105 குதிரையோட, நல்ல டயரும் புது பிரேக் பேடும் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. ஆனா டிராக்கில் நடக்கிற சேதத்துக்கு சாதாரண பாலிசி காசு தராது, அதைத் தெரிஞ்சுட்டுப் போங்க.

அதுக்கப்புறமும் 105 பத்தலைன்னா, லோன் இல்லாம, 6 மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடாம, கிளட்ச் பில்லுக்குத் தனியா ஒரு லட்சம் எடுத்து வெச்சுட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிட்டு வாங்க, பேசலாம். அவர் இன்னும் பதில் போடலை. டயர் விலை மட்டும் கேட்டார்.