பதினோரு மணி போன்

காரை சர்வீஸுக்கு விட்ட அன்று பதினோரு மணி வாக்கில் ஒரு போன் வரும். நீங்கள் அலுவலகத்தில் ஏதோ மும்முரத்தில் இருப்பீர்கள். "மேடம், பிரேக் பேட் சுத்தமா தேஞ்சு போச்சு. இஞ்செக்டர் கிளீனிங் பண்ணணும். அடியில கோட்டிங்கும் அடிச்சிடலாம். ஓகே சொன்னீங்கன்னா சாயங்காலம் வண்டி ரெடி." பிரேக் என்ற சொல் காதில் விழுந்ததும் பின்சீட்டில் உட்காரும் பிள்ளைதான் ஞாபகத்துக்கு வரும். "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுவோம். 4,000 ரூபாயில் முடிய வேண்டிய பில் 12,000 ஆவது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

இதைச் சமாளிக்க இஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்கத் தெரிந்தால் போதும். புது பிரேக் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. கனம் இருக்கும். அது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் கஞ்சம் பார்க்கக் கூடாது. பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒருமுறை நான் போட்டோ கேட்டேன். போட்டோ வரவில்லை, அரை மணி கழித்து போன்தான் வந்தது: "இன்னும் ஒரு 10,000 கிலோமீட்டர் ஓடும் மேடம், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்." காலையில் சுத்தமாகத் தேய்ந்திருந்த பேட் அது!

பெண் என்றால் விலையை ஏற்றிச் சொல்வார்களா? அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா கேம்ரிக்கு ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஆண்களையும் பெண்களையும் விட்டு ஒர்க்‌ஷாப்புகளுக்கு போன் போடச் சொன்னார்கள். "விலை எதுவும் தெரியாது" என்று சொன்ன பெண்களுக்கு, அதையே சொன்ன ஆண்களைவிடக் கூடுதலாக விலை சொல்லப்பட்டது. "365 டாலர் ஆகும்னு கேள்விப்பட்டேன்" என்று சொன்னபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. ஆக, ஒர்க்‌ஷாப்புக்குத் துணையாக வர வேண்டியது ஒரு தொகை. வீட்டு ஆண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். அவருக்கும் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அது வேறு கதை. அந்தத் தொகையைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு ஒர்க்‌ஷாப்புகளுக்கு போன் போட்டால் போதும். சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் பொருளின் விலையையாவது விசாரித்துவிடலாம்.

வண்டியை விடும்போது நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். "கிளட்ச் போயிடுச்சு போல" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் கிளட்சைத்தான் மாற்றுவார்கள். "மேட்டுல ஏறும்போது இஞ்சின் சத்தம் கூடுது, வேகம் கூடல" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைத் தாண்டி என்ன செய்வதானாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், கழற்றும் பழைய பாகங்களை டிக்கியில் போட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வையுங்கள். பழைய பாகம் வேண்டும் என்று பில் கட்டும்போது கேட்டால் "தூக்கிப் போட்டாச்சே மேடம்" என்பார்கள். (வாரன்டியில் மாற்றியது மட்டும் கம்பெனிக்குத் திரும்பப் போகும்.)

எனக்கு எரிச்சலைக் கிளப்புவது ஏ.சி. கேஸ் சமாச்சாரம். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. பல வருஷத்தில் கொஞ்சம் குறையலாம், ஒரு கோடைக்கும் மறு கோடைக்கும் நடுவில் காலியாகாது. காலியானால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு சித்திரையிலும் ஒரே இடத்தில் கேஸ் அடித்தேன், இரண்டு தடவையும் ஆடிக்குள் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. மூன்றாவது வருஷம் வேறொரு சின்ன ஷெட்டில் நைட்ரஜன் ஏற்றி, குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினார்கள். ஓரிடத்தில் கடுகளவு குமிழ் ஒன்று வந்து வந்து உடைந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதை என் கையில் கொடுத்தார் அந்த மெக்கானிக். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. யாராவது "கேஸ் கம்மியா இருக்கு" என்றால், "லீக் எங்கன்னு காட்டுங்க, அப்புறம் அடிக்கலாம்" என்பதுதான் என் பதில்.

பில்லில் பாகம் தனியாக, லேபர் தனியாக இருக்க வேண்டும். பாகத்தின் அட்டைப்பெட்டியை வாங்கி அதில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். அது வரிகள் எல்லாம் சேர்ந்த விலை. அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று இன்னொரு தொகை போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். லேபருக்கு 18 சதவீதம் உண்டு, அது நியாயமானதே. "பில் வேண்டாம்னா கொஞ்சம் கொறச்சுக்கலாம்" என்பவரிடம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நாளைக்கு அந்த பாகம் பழுதானால், அங்கே மாற்றினோம் என்பதற்கு உங்கள் கையில் துண்டுச்சீட்டுகூட இருக்காது. டயரும் பேட்டரியும் மாறிப்போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. வண்டியை விடும் முன் நாலு டயரையும், பேட்டரி எண்ணையும், கிலோமீட்டரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் பார்க்கும்படியே எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில், ஜாப் கார்டு, டிக்கியில் கிடக்கும் பழைய பாகம் எல்லாவற்றையும் அதுவரை பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ ஏதாவது வந்திருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள்.