உங்களுக்குத் தெரியுமா? ஓட்டங்களை ஒப்பிட ஒரு சூத்திரம்

தூரம் இரு மடங்கானால் ஓடும் நேரம் இரு மடங்கோடு நிற்பதில்லை. களைப்பும் சேர்ந்து ஏறக்குறைய 2.085 மடங்காகிறது. இதற்கான சூத்திரத்தை அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977இல் வெளியிட்டார். இரு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, ஓடிய நேரத்தால் பெருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1978இல் ஜலந்தரில் இந்திய வீரர் ஷிவ்நாத் சிங் மராத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். சூத்திரப்படி அது 1 மணி 3 நிமிடம் 19 விநாடி அரை மராத்தானுக்குச் சமம். 2020இல் டெல்லியில் மற்றோர் இந்திய வீரர் அவினாஷ் சாப்லே அரை மராத்தானை 1 மணி 30 விநாடியில் முடித்தார். அதற்கு இணையான மராத்தான் நேரம் 2 மணி 6 நிமிடம் 8 விநாடி.

நெடுந்தூரப் பயிற்சி இல்லாதவருக்கு இந்தக் கணிப்பு பொய்த்துவிடும். கடலோரப் புழுக்கத்தில் ஓடிய நேரத்தை, மலைக்குளிரில் ஓடியதோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது.