உப்புக்காற்றும் நல்ல கொத்தனாரும்

வடசென்னையில் இராயபுரம் தொட்டுத் திருவொற்றியூர், எண்ணூர் வரையில், கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டை ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, வீங்கிய துரு தளத்தையே பிளந்துவிடுவதால், வீட்டைச் செப்பனிட விரும்பும் கிருஹஸ்தர்கள், குறைந்த கூலி கேட்பவரைக் காட்டிலும் இவ்வியாதியின் காரணமறிந்த கொத்தனாரைத் தேடுதலே உசிதம்.

விரிசலின்மேல் சிமெண்டைப் பூசி மறைப்பவரை விடுத்து, உதிரும் பாகத்தைக் கொத்தியெடுத்துக் கம்பியைச் சுரண்டிப் பார்ப்பவரையும், கலவைக்கு உவர்நீரை மறுப்பவரையும், மரவிட்டங்களின்மேல் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைத் திணிக்கத் தயங்குபவரையும் நம்பலாம்.

அவர் சில வருஷங்களுக்கு முன் செப்பனிட்ட வீட்டை மழைக்காலத்தில் நேரில் பாருங்கள். பொருளும் கூலியும் தனித்தனியே கண்ட ஒப்பந்தம் எழுதி, வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். நாணயமான தொழிலாளிக்கு உரிய கூலியைத் தாமதமின்றித் தருவதும் நம் தர்மமே.