புதுச்சேரி பாரம்பரியம்: மஞ்சள் சுவர்கள் தப்பின, திண்ணை வீடுகள் தப்புமா?

புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவரும் போகன்வில்லா பூவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாரம்பரியப் பகுதி அதோடு முடிந்துவிடவில்லை.

ஒரே ஊர், இரண்டு பாதிகள்

நகரை நடுவே பிரிப்பது பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் பிரெஞ்சுக் குடியிருப்பு; மேற்கே தமிழர் பகுதி. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் கட்டியெழுப்பியதே இன்று நாம் பார்க்கும் ஊர்.

வீட்டை வைத்து எப்படி அடையாளம் காண்பது?

ரொம்ப சுலபம். பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும்: உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம். தமிழ் வீடு தெருவைப் பார்த்து உட்காரும்: திண்ணை, மரத்தூண்கள், ஓட்டுத் தாழ்வாரம், நடுவே முற்றம். கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு சன்னல் என்று இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு.

ஏன் இடிகின்றன?

இவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ‘பழுது பார்க்கிறோம்’ என்று மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உப்பரித்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் சிரமம்.

அரசுக் கட்டடமும் விதிவிலக்கல்ல. கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

தமிழர் பகுதிக்கு என்ன சிக்கல்?

கடலோர பிரெஞ்சு வீடு ஓட்டலாகவோ கஃபேவாகவோ மாறினால், பராமரிப்புச் செலவை வருமானமே ஈடுகட்டும். மேற்கே நிலைமை வேறு. ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள். முற்றத்தையும் திண்ணையையும் பங்கு பிரிக்க முடியாது. இடித்து அடுக்குமாடி கட்டினால் ஆளுக்கொரு தளம். கணக்கு அங்கேதான் முடிகிறது.

வழி இல்லையா?

இருக்கிறது. வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய நிதியுதவியுடன் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அங்கீகாரம் கிடைத்தது. உரிமையாளர்களும் ஒத்துழைத்ததால் சாத்தியமானது அது.

ஒற்றை வீட்டைக் காப்பாற்றினால் போதாது என்பதே அந்த வீதி சொல்லும் பாடம். தாழ்வாரம் வரிசையாக நின்றால்தான் தெருவுக்கே நிழல். நடுவில் ஒரு வீடு போனாலும் பல் விழுந்த மாதிரிதான்.