தேனீக்குப் புதிர் போட்ட சுட்டிகள்!

குட்டீஸ்... பள்ளியில், 'ப்ராஜெக்ட்' செய்து வரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கடையில் படம் வாங்கி, சார்ட்டில் ஒட்டி, அம்மாவை எழுதச் சொல்லி, மறுநாள் கொடுத்து விடுவோரும் உண்டு தானே!

இங்கிலாந்தில், டெவன் பகுதியில் உள்ளது பிளாக்காட்டன் கிராமம். அங்குள்ள ஆரம்பப் பள்ளி மாணவர்கள், 25 பேர் செய்த ப்ராஜெக்ட்டைக் கேளுங்கள். அவர்களுக்கு வயது, எட்டு முதல் பத்து தான்!

நரம்பியல் விஞ்ஞானி போ லாட்டோ, அவர்களுக்குத் துணை நின்றார். ஆனால், கேள்வி கேட்டதும், சோதனைக்குத் திட்டமிட்டதும் மாணவர்களே. 'நம்மைப் போல், தேனீயும் புதிர் விடுவிக்குமா?' என்று அறிய விரும்பினர்.

ஒரு பெட்டிக்குள், நான்கு பலகைகள் வைத்தனர். ஒவ்வொன்றிலும், 16 வண்ண வட்டங்கள். இரண்டு பலகைகளில், நடுவில் மஞ்சள், சுற்றிலும் நீலம். மற்ற இரண்டில், நடுவில் நீலம், சுற்றிலும் மஞ்சள். நடுவில் உள்ள நான்கு வட்டங்களில் சர்க்கரைத் தண்ணீர். ஓரத்து 12 வட்டங்களில் உப்புத் தண்ணீர்!

நிறத்தை மட்டும் நம்பிப் போகும் தேனீ ஏமாந்து விடும். அந்த நிறம் எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தேனீக்கள் பழகிய பின், சர்க்கரையும், உப்பும் வைக்காமல், 'பரீட்சை' நடந்தது. அவை பெரும்பாலும் நடு வட்டங்களையே தேடிச் சென்றன. அதிலும், சில தேனீக்கள் மஞ்சளையும், சில நீலத்தையும் அதிகம் நாடின. தேனீக்களுக்கும் தனித்தனி விருப்பம்!

இந்த ஆய்வை, மாணவர்களின் பேச்சு நடையிலேயே எழுதினர். படங்களுக்குக் கலர் பென்சிலால் வண்ணம் தீட்டினர். லண்டன் ராயல் சொசைட்டியின், 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ், 2010 டிசம்பரில் அதை வெளியிட்டது.

குட்டீஸ்... 25 பேர் இருந்தால், 25 கேள்விகள் எழும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேலையைப் பங்கிட வேண்டும். பொறுமையாக எண்ணி, பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். வாய் திறக்கத் தயங்கும் மாணவிக்கும், தன் கேள்வியைச் சொல்லத் துணிவு வரும். பிறர் செய்து கொடுத்தால், மதிப்பெண் கிடைக்கும். இந்தத் திறமைகள் கிடைக்குமா?

'எறும்புக்குப் பிடித்தது சர்க்கரையா, வெல்லமா?' இரண்டையும் ஒரே அளவு எடுத்து, எறும்புப் புற்றிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எறும்புகளை எண்ணி எழுதுங்கள். மறுநாள், இடத்தை மாற்றி வைத்துப் பாருங்கள். தோழர்கள் நாலு பேரைச் சேர்த்துக் கொள்ள மறக்காதீர்கள்!